அலெக்சாண்ட்ரியா கலங்கரை விளக்கம்: எவ்வளவு உயரம், எதை நம்பலாம், என்ன மிச்சம்?

மகளின் பள்ளிக் கண்காட்சிக்காக அலெக்சாண்ட்ரியா கலங்கரை விளக்கத்தின் மாதிரி ஒன்றைச் செய்ய உட்கார்ந்திருக்கிறீர்கள். ஒரு புத்தகத்தில் 134 மீட்டர் என்று இருக்கிறது, இன்னொன்றில் 100, மூன்றாவதில் 120. உச்சியில் இருந்த கண்ணாடி எதிரிக் கப்பல்களை நடுக்கடலிலேயே எரித்தது என்றும் ஒன்றில் போட்டிருக்கிறார்கள். "இதில் எதை நம்புவது? அப்படி ஒன்று நிஜமாகவே இருந்ததா? இன்று ஏதாவது மிச்சம் உண்டா?" என்று கேட்டிருக்கிறீர்கள். உயரத்துக்கு ஓர் எண் கேட்பது போலத் தெரிந்தாலும், உங்கள் கேள்வியின் உள்ளே இருப்பது வேறு. விழுந்து அறுநூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்ட ஒரு கட்டடத்தைப் பற்றி யார் சொன்னதை ஏற்பது, எதற்காக ஏற்பது என்பதுதான் அது. அதற்கே முதலில் பதில் சொல்கிறேன். உயரம் தானாக வந்து சேரும்.

நான் கட்டடப் பொறியியல் படித்தவன். பழைய கல் கட்டுமானங்களைச் சீர்செய்யும் வேலையில் நீண்ட காலம் இருந்தேன். கிரேக்கமோ அரபியோ எனக்குப் படிக்கத் தெரியாது, மொழிபெயர்ப்புகள் வழியாகத்தான் இந்தக் கட்டடத்தைத் தெரிந்துகொண்டேன். ஆனால் கல் எப்படி நிற்கும், எப்படி விழும் என்று தெரியும். பழைய பயணிகள் எழுதியதைப் படிக்கும்போது எந்த வரியை எழுதியவர் உள்ளே ஏறிப் பார்த்திருக்கிறார், எந்த வரியை யாரோ சொல்லக் கேட்டு எழுதியிருக்கிறார் என்பதை ஓரளவு பிரித்துவிடலாம்.

சந்தேகமே இல்லாத விஷயங்களில் தொடங்குகிறேன். கட்டடம் இருந்தது நிஜம், இருந்த இடமும் தெரியும். எகிப்தின் கரைக்கு எதிரே பாரோஸ் என்று ஒரு சிறு தீவு. அலெக்சாண்டர் கி.மு. 331-இல் எதிர்க்கரையில் நகரத்தை நிறுவிய பிறகு, தீவையும் நகரத்தையும் இணைத்து ஒரு நீண்ட கல் அணை போட்டார்கள். நீளம் ஏழு ஸ்டேடியம் (பழைய கிரேக்க நீள அளவு), நம் கணக்கில் ஒன்றேகால் கிலோமீட்டர் அளவு. அணைக்குக் கிழக்கே ஒரு துறைமுகம், மேற்கே ஒன்று. காலப்போக்கில் அணையின் இரு பக்கமும் மணல் சேர்ந்து நிலமாகிவிட்டது. இன்று அதன் மேல் நெருக்கமான குடியிருப்புகள் நிற்கின்றன. அதனால்தான் வரைபடத்தில் தீவைத் தேடினால் கிடைக்காது. தீவின் கிழக்கு முனையில், பெரிய துறைமுகத்தின் வாயிலில் கோபுரம் நின்றது. அதே முனையில் இப்போது கைத்பே கோட்டை இருக்கிறது.

ஏன் அங்கே? நைல் கழிமுகத்துக்கு மேற்கே உள்ள அந்தக் கரை தட்டையானது. மலை கிடையாது, குன்று கிடையாது, கடலிலிருந்து பார்த்தால் அடையாளம் என்று எதுவும் தெரியாது. கரை கண்ணுக்குப் படும்போது கப்பல் ஏறக்குறைய பாறைகளின் மேல் வந்திருக்கும். துறைமுக வாயிலும் குறுகலானது, பாரோஸைக் கையில் வைத்திருப்பவன் அனுமதிக்காமல் ஒரு கப்பலும் நுழைய முடியாது என்று ஜூலியஸ் சீசரே எழுதியிருக்கிறார். கி.மு. 48-இல் அங்கே நடந்த சண்டையில் அவர் அந்த இடத்தைப் பிடித்ததும் அதற்காகத்தான். ஆக, இரவு விளக்கு ஒரு பக்கம் இருக்கட்டும், பகலில் தூரத்திலிருந்து கண்ணில் படுகிற ஓர் உயரமான பொருள் அந்தக் கரைக்கு அவசியமாக இருந்தது. கட்டடத்தின் உயரத்தை யோசிக்கும்போது இதை மனதில் வையுங்கள்.

காலமும் பெரும்பாலும் தெரிந்ததுதான். அலெக்சாண்டரின் தளபதியாக இருந்து எகிப்தின் மன்னரான முதலாம் தாலமி தொடங்கி, அவர் மகன் இரண்டாம் தாலமி காலத்தில் முடிந்தது. சுமார் கி.மு. 280 என்று வைத்துக்கொள்ளலாம். சோஸ்ட்ராட்டஸ் என்ற நைடஸ் ஊர்க்காரரின் பெயர் கட்டடத்தில் பொறிக்கப்பட்டிருந்ததும் உறுதி. அவர் அதைக் கட்டிய சிற்பியா, செலவை ஏற்ற செல்வந்தரா என்பதில்தான் கருத்து வேறுபாடு. ரோமானிய எழுத்தாளர் பிளினி அவரைக் கட்டடக் கலைஞர் என்கிறார், செலவு 800 டேலன்ட் (எடைக் கணக்கில் வைத்த பழைய பண அளவு) என்றும் சொல்கிறார். புவியியலாளர் ஸ்ட்ராபோவோ அவரை 'மன்னர்களின் நண்பர்' என்று மட்டும் குறிக்கிறார். டெலோஸ் தீவில் கிடைத்த கல்வெட்டுகளில் அதே பெயர் அரசின் தூதர் ஒருவருடையதாக வருகிறது. இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் அவர் அரண்மனை வட்டாரத்துப் பெரிய மனிதர், கட்டடத்தைக் காணிக்கையாக அர்ப்பணித்தவர் என்பது எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. தன் பெயரைக் கல்லில் வெட்டி, அதன் மேல் சாந்து பூசி, அரசன் பெயரை அதில் எழுதினார், சாந்து உதிர்ந்ததும் உள்ளே இருந்த பெயர் வெளிப்பட்டது என்று ஒரு கதை உண்டு. நானூறு வருடம் கழித்து வந்த லூசியன் என்ற எழுத்தாளர் சொன்ன கதை அது. மாதிரிக்குப் பக்கத்தில் ஒட்டும் அட்டையில் அதை 'கதை' என்று குறித்துப் போடுங்கள், குழந்தைகளுக்குப் பிடிக்கும்.

சரி, வடிவத்துக்கு வருவோம். கீழே சதுரம், நடுவில் எண்கோணம், மேலே வட்டம் என்று மூன்று அடுக்காக எல்லாப் படங்களிலும் பார்த்திருப்பீர்கள். இதைப் பழைய கிரேக்க எழுத்தாளர் யாரும் இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை. ஸ்ட்ராபோ நேரில் பார்த்தவர். அவர் சொல்வது வெள்ளைக் கல், பல மாடி, அவ்வளவே. அலெக்சாண்ட்ரியாவில் அச்சிட்ட ரோமானியக் காலத்துக் காசுகளில் கோபுரம் வருகிறது. உச்சியில் ஒரு சிலை, முதல் அடுக்கின் மூலைகளில் சங்கு ஊதும் கடல் தேவர்கள், தரையிலிருந்து நல்ல உயரத்தில் ஒரு வாசல் என்று அவற்றில் காணலாம். ஆனால் காசு விரல் நகத்தைவிடச் சற்றுப் பெரியது, அதில் எண்கோணத்தைத் தேடினால் கிடைக்காது. மூன்று அடுக்கையும் நமக்குத் தெளிவாகச் சொன்னவர்கள் அரபு மொழியில் எழுதியவர்கள்தான். அவர்கள் சொன்னதற்குக் கல்லிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. அலெக்சாண்ட்ரியாவுக்கு மேற்கே ஐம்பது கிலோமீட்டருக்குள் அபுசிர் என்ற இடத்தில், தாலமிகள் காலத்து ஒரு சிறிய கோபுரம் கல்லறைகளுக்கு நடுவில் இன்றும் நிற்கிறது. அதுவும் கீழே சதுரம், நடுவில் எண்கோணம், மேலே உருளை. பாரோஸை, அதாவது தீவின் பெயராலேயே அழைக்கப்பட்ட நம் கலங்கரை விளக்கத்தைப் பார்த்து அதே காலத்தில் செய்த சிறு நகல் அது என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. வெவ்வேறு காலத்து அரபுப் பயணிகளும் ஒரு கிரேக்கக் காலத்துக் கட்டடமும் ஒரே வடிவத்தைக் காட்டும்போது, அந்த வடிவத்தைத் தைரியமாக எடுத்துக்கொள்ளலாம்.

எனக்கு மிகவும் பிடித்த சாட்சி அல்-பலவி. ஸ்பெயினின் மலாகாவிலிருந்து வந்தவர், 1166 வாக்கில் அலெக்சாண்ட்ரியாவில் இருந்தார். மற்றவர்கள் வியந்துவிட்டுப் போன இடத்தில் இவர் அளந்தார். முதல் அடுக்கின் மேல்தளத்துக்கு ஏறி, ஒரு கயிற்றின் நுனியில் கல்லைக் கட்டிக் கீழே இறக்கி, கயிற்றின் நீளத்தை ஆள் உயரக் கணக்கில் எடுத்தார். முதல் அடுக்கு 31 ஆள் உயரம், எண்கோண அடுக்கு 15, அதற்கு மேலே இருந்தது 4. சுவரோரம் சுற்றிச் சுற்றி ஏறும் சரிவுப் பாதையில் நடந்து, வழியில் இருந்த அறைகளை எண்ணிக்கொண்டே போயிருக்கிறார். உச்சியில் குவிமாடம் போட்ட ஒரு சிறு தொழுகையிடம், அதற்கு நான்கு வாசல்கள் என்றும் குறித்திருக்கிறார். இப்படி எழுதுகிற மனிதர் கட்டடத்துக்குள் போகாமல் எழுதியிருக்க முடியாது. அவருடைய குறிப்பை 1933-இல் ஸ்பானிய அறிஞர் மிகேல் அசின் பலாசியோஸ் வெளியே கொண்டுவந்த பிறகுதான் பாரோஸின் அளவுகளுக்கு உருப்படியான ஓர் அடித்தளம் கிடைத்தது.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஓர் ஆள் உயரத்தை 1.8 மீட்டர் சொச்சம் என்று எடுத்தால் முதல் அடுக்கு சுமார் 57 மீட்டர், இரண்டாவது 27, மூன்றாவது 7. மொத்தம் 90 மீட்டரைத் தாண்டுகிறது. கவனியுங்கள், இது 12-ஆம் நூற்றாண்டின் உயரம். அதற்கு முன்பே நிலநடுக்கங்களில் உச்சி விழுந்திருந்தது, அவர் பார்த்த மூன்றாம் அடுக்கு பிற்காலத்தில் கட்டியது. அசல் உருளை அடுக்கும் அதன் மேலிருந்த சிலையும் 7 மீட்டரைவிட நிச்சயம் உயரமாக இருந்திருக்கும். அதனால்தான் இன்றைய ஆய்வாளர்கள் பலர் 100 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே வந்து நிற்கிறார்கள்.

130, 140 என்று போகும் எண்கள் எங்கிருந்து வருகின்றன என்றால், பெரும்பாலும் முழத்தை மீட்டராக மாற்றும் இடத்திலிருந்து. 10-ஆம் நூற்றாண்டில் எழுதிய அல்-மசூதி என்ற வரலாற்றாசிரியர் தம் காலத்தில் கோபுரம் சுமார் 230 முழம் என்கிறார். எந்த முழம்? 46 சென்டிமீட்டர் முழம் என்றால் 106 மீட்டர், 54 சென்டிமீட்டர் முழம் என்றால் 124 மீட்டர். அன்றைக்குப் பல முழங்கள் புழக்கத்தில் இருந்தன. ஒரே வரியை வைத்துக்கொண்டு இரண்டு பேர் இரண்டு உயரம் சொல்லிவிடலாம், இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. முழக் கணக்கில் வரும் எண்களைவிட, கயிறு கட்டி அளந்தவரின் எண்ணை நான் அதிகம் நம்புகிறேன்.

அகலத்துக்கு இன்னும் நல்ல சாட்சி இருக்கிறது. 1326-இல் அங்கே போன இபின் பதூதா என்ற பயணி, கோபுரத்தின் ஒரு முகம் இடிந்திருந்தது என்று சொல்லிவிட்டு அளவுகளைத் தருகிறார். ஒவ்வொரு பக்கமும் 140 சாண், உள்ளே போகும் பாதையின் அகலம் 9 சாண், சுவரின் தடிமன் 10 சாண். ஒரு சாணை 22 சென்டிமீட்டர் என்று வைத்தால் பக்கம் சுமார் 31 மீட்டர் வருகிறது. இப்போது அதே இடத்தில் நிற்கும் கைத்பே கோட்டையின் நடுக் கட்டடத்தைப் பாருங்கள். அதுவும் சதுரம், ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 30 மீட்டர். பழைய அடித்தளத்தின் மேலேயே கோட்டையை எழுப்பினார்கள் என்று சொல்லப்படுவதற்கு இது நல்ல ஆதரவு. கோட்டையை உடைத்து அடியில் தோண்டிப் பார்க்க முடியாது என்பதால் முடிந்த முடிவு என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் 14-ஆம் நூற்றாண்டுப் பயணி ஒருவரின் சாண் கணக்கும் 15-ஆம் நூற்றாண்டுக் கோட்டையின் சுவரும் இப்படிப் பொருந்துவதைப் பார்க்கும்போது எனக்குச் சிலிர்க்கிறது.

30 மீட்டர் சதுரத்தில், 57 மீட்டர் உயரத்துக்கு ஒரு கல் பெட்டி. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள், அது 216 அடி, அதாவது 65 மீட்டருக்குச் சற்று மேல். பாரோஸின் முதல் அடுக்கு மட்டுமே கிட்டத்தட்ட அந்த உயரத்தைத் தொடுகிறது, அதன் மேல் இன்னும் இரண்டு அடுக்கு. அதுவும் தஞ்சைக்கு ஏறக்குறைய ஆயிரத்து முந்நூறு வருடங்களுக்கு முன்பு.

இவ்வளவு பெரிய கட்டடம் கடற்காற்றிலும் நிலநடுக்கத்திலும் ஆயிரத்து அறுநூறு வருடம் நின்றது எப்படி என்பதுதான் என் தொழில் சார்ந்த கேள்வி. இபின் பதூதா சொன்ன சாண் கணக்கில் அதற்குப் பாதிப் பதில் இருக்கிறது. 2 மீட்டருக்கு மேல் தடிமனான வெளிச்சுவர், அதை ஒட்டி 2 மீட்டர் அகலத்தில் மேலே ஏறும் பாதை, அதற்கு அப்பால் அறைகள். பாதைக்கு மேல் வளைவுக் கூரை. அதாவது வெளிச்சுவரும் உட்சுவரும் வழிநெடுகக் கட்டிப் பிணைந்து, பெட்டிக்குள் பெட்டியாக இருந்திருக்கின்றன. தனிச் சுவர் சாயும், இப்படி உள்ளும் புறமும் பிணைத்த சுவர் எளிதில் சாயாது. மேலே போகப் போக ஒவ்வொரு அடுக்கும் குறுகுவதால் பாரம் கீழே தங்குகிறது. நிலநடுக்கத்தில் உயர்ந்த கட்டடத்தின் நுனிதான் அதிகமாக ஆடும், முதலில் உதிர்வதும் அதுவே. பாரோஸின் வரலாறும் அதே வரிசையில் நடந்திருக்கிறது. உச்சி முதலில் போனது, எண்கோணம் பிறகு, சதுரப் பெட்டி கடைசி வரை நின்றது.

கற்களை இணைத்த விதத்தைப் பற்றி புவியியலாளர் அல்-இத்ரீசி 1154 வாக்கில் எழுதியிருக்கிறார். கற்களுக்கு நடுவே உருக்கிய ஈயம் ஊற்றியிருக்கிறது, பிரிக்கவே முடியாது என்கிறார். இதை மிகை என்று சிலர் தள்ளிவிடுவார்கள். எனக்கு அது வழக்கமான கிரேக்க வேலையாகத் தெரிகிறது. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு கற்களின் மேல்முகத்திலும் ஒரு பள்ளம் வெட்டி, அதில் இரும்புப் பிடி ஒன்றைப் படுக்க வைத்து, சுற்றியுள்ள இடைவெளியில் உருக்கிய ஈயத்தை ஊற்றி மூடுவார்கள். ஈயம் ஆறும்போது பிடி ஆடாமல் உட்கார்ந்துகொள்ளும். அதைவிட முக்கியம், இரும்பில் உப்புக்காற்று படாது. உப்புக்காற்று பட்டால் இரும்பு துருப்பிடித்துப் பருத்துக் கல்லையே பிளந்துவிடும். கடலோரக் கட்டடங்களில் ஈயமோ வேறு பாதுகாப்போ இல்லாமல் சொருகிய இரும்பு, நல்ல கருங்கல்லைக்கூட விரல் நுழையும் அளவுக்கு வெடிக்க வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். பாரோஸின் கொத்தர்களுக்கு இது தெரிந்திருந்தது.

அடுத்தது விளக்கு. உச்சியில் தீ எரிந்தது. கட்டடம் எழுந்த அதே காலத்துக் கவிஞர் பொசிடிப்பஸ், இரவெல்லாம் அலைமேல் வரும் மாலுமி அதன் உச்சியில் பெருந்தீ எரிவதைக் காண்பான் என்று பாடியிருக்கிறார். தொடக்கத்தில் அது வெறும் பகல் அடையாளம்தான், தீ ரோமானியர் காலத்தில் சேர்ந்தது என்று ஒரு வாதம் முன்பு இருந்தது. இந்தப் பாடலை வைத்துப் பார்த்தால் அந்த வாதம் நிற்பது கடினம். பிளினியும் ஒரு நல்ல குறிப்பு தருகிறார். இப்படி விடாமல் எரியும் தீயைத் தூரத்திலிருந்து பார்ப்பவர்கள் நட்சத்திரம் என்று தவறாக நினைத்துவிடும் ஆபத்து உண்டு என்கிறார். இன்றைய கலங்கரை விளக்கங்கள் ஒவ்வொன்றும் தனித்தனிக் கணக்கில் விட்டு விட்டு ஒளிர்வது இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கவும் உதவுகிறது. தீக்கு என்ன எரித்தார்கள் என்பதற்குச் சான்று இல்லை. எகிப்தில் விறகுக்குப் பஞ்சம் என்பதால் எண்ணெய், சாணம், பாப்பிரஸ் என்ற கோரையின் வேர் என்று பலரும் பலதைச் சொல்கிறார்கள், எல்லாம் ஊகம். நடுவில் கிணறு போல ஒரு குழி இருந்தது, அதில் கயிறு கட்டி எரிபொருளை மேலே இழுத்தார்கள் என்று படங்களில் காட்டுவதும் ஊகமே. பாதை 2 மீட்டர் அகலம், சரிவாக ஏறுகிறது. பொதி சுமக்கும் கழுதைகளுக்கு அது போதும் என்று நினைக்கிறேன்.

வெளிச்சம் எவ்வளவு தூரம் தெரிந்தது? யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ் 300 ஸ்டேடியம் என்கிறார், கிட்டத்தட்ட 55 கிலோமீட்டர். பூமி உருண்டை என்பதால் இதைச் சரிபார்க்க முடியும். 100 மீட்டர் உயரத்தில் இருக்கும் தீ சுமார் 36 கிலோமீட்டர் தொலைவில் தொடுவானத்துக்குக் கீழே இறங்கிவிடும். கப்பலில் நிற்பவரின் கண் கடல்மட்டத்துக்கு 5 மீட்டர் மேலே இருந்தால் இன்னும் 8 கிலோமீட்டர் சேரும். காற்றில் ஒளி சற்று வளைவதையும் கூட்டினால் 45 கிலோமீட்டரைக் கொஞ்சம் தாண்டும். பாய்மரத்தின் மேல் ஏறிப் பார்ப்பவனுக்கு இன்னும் கூடுதல். ஆக ஜோசிபஸ் சொன்னது கொஞ்சம் தாராளம், ஆனால் கட்டுக்கதை இல்லை. இந்தக் கணக்கு உயரத்துக்கும் ஒரு சாட்சிதான். கட்டடம் 50 மீட்டராக இருந்திருந்தால் அந்தத் தூரத்தை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

கப்பலை எரித்த கண்ணாடியை விட்டுவிடுங்கள். கிரேக்க, ரோமானிய எழுத்தாளர்கள் யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. அரபு நூல்களில்தான் வருகிறது, அதாவது கோபுரம் கட்டி ஆயிரம் வருடத்துக்குப் பிறகு. இயற்பியலும் இடம் கொடுக்காது. சூரியன் ஒரு புள்ளி இல்லை, வானத்தில் அரை டிகிரி அகலம் கொண்ட வட்டம். எவ்வளவு துல்லியமான கண்ணாடியாக இருந்தாலும் அது குவிக்கும் சூரியப் பிம்பம் தூரத்துக்கு ஏற்ப அகன்றுகொண்டே போகும். ஒரு கிலோமீட்டரில் அது 9 மீட்டருக்கு மேல் அகலமாகிவிடும். அவ்வளவு பெரிய வட்டத்தில் மரம் பற்ற வேண்டுமென்றால் கண்ணாடி அதைப்போலப் பல மடங்கு பெரிதாக இருக்க வேண்டும். கோபுரத்தின் உச்சியில் அதற்கு இடம் ஏது? தீக்குப் பின்னால் மெருகேற்றிய வெண்கலத் தகடு இருந்து வெளிச்சத்தைக் கடல் பக்கம் திருப்பியிருக்கலாம் என்பது நடக்கக்கூடியது. அதற்கும் நேரடிச் சான்று கிடையாது. கோபுரம் கண்ணாடியால் செய்த நண்டின் மேல் நின்றது என்றும் அரபு நூல்களில் ஒரு கதை உண்டு. அலெக்சாண்ட்ரியாவில் ரோமானியர் நட்டு வைத்த ஒரு தூபி (ஒற்றைக்கல்லில் செய்த எகிப்தியத் தூண்) நிஜமாகவே வெண்கல நண்டுகளின் மேல் நின்றது. அந்தத் தூபியும் நண்டுகளின் மிச்சமும் இப்போது நியூயார்க்கில் இருக்கின்றன. நண்டுக் கதை அங்கிருந்து பாரோஸுக்கு நகர்ந்திருக்கலாம் என்று தோன்றுகிறது.

உச்சியில் இருந்த சிலை யாருடையது என்பதும் திறந்த கேள்விதான். பொசிடிப்பஸின் பாடல் கிரேக்கர்களின் தலைமைக் கடவுளான ஜியஸை, காக்கும் ஜியஸ் என்று குறிப்பதால் பலர் ஜியஸ் என்கிறார்கள். கடலரசன் பொசைடன் என்பாரும் உண்டு, சூரிய தேவன் என்பாரும் உண்டு. நான் செய்வதானால் ஜியஸை வைப்பேன்.

முடிவு ஒரே நாளில் வரவில்லை. 365-இல் கிழக்கு மத்தியதரைக் கடலை உலுக்கிய பெரும் ஆழிப்பேரலையையும் கோபுரம் தாண்டி வந்தது. 8-ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 10-ஆம் நூற்றாண்டின் நடுவிலும் வந்த நடுக்கங்களில் மேல் பகுதிகள் சேதமாயின, ஆட்சியில் இருந்தவர்கள் பழுது பார்த்தார்கள். இதைச் சொல்லியாக வேண்டும். அரபு ஆட்சிக் காலம் முழுவதும் அந்தக் கோபுரத்தைப் பராமரித்திருக்கிறார்கள், அதன் உச்சியில் தொழுதிருக்கிறார்கள், அளந்து எழுதி வைத்திருக்கிறார்கள். நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அவர்களால் தெரிந்தது. பெரிய அடி 1303 ஆகஸ்டில் விழுந்தது. கிரீட் தீவுப் பக்கம் தோன்றிய நடுக்கம் அது, அலெக்சாண்ட்ரியாவைப் புரட்டிப் போட்டது. இபின் பதூதா முதலில் பார்த்தபோது வாசல் வரை போக முடிந்தது. வாசல் தரையிலிருந்து உயரத்தில் இருக்கும், எதிரே அதே உயரத்தில் ஒரு சிறு கட்டடம், இரண்டுக்கும் நடுவில் பலகைகள், பலகைகளை எடுத்துவிட்டால் யாரும் உள்ளே நுழைய முடியாது என்று விவரிக்கிறார். 1349-இல் திரும்பி வந்தபோது வாசலைக்கூட எட்ட முடியாத அளவுக்கு இடிந்திருந்தது. சுல்தான் அல்-நாசிர் பக்கத்திலேயே அதைப் போல இன்னொன்றைத் தொடங்கி, முடிப்பதற்குள் இறந்துபோனார் என்ற செய்தியும் அவர் தருவதுதான். 1477-இல் சுல்தான் கைத்பே கோட்டையைத் தொடங்கினார். இடிபாடுகளின் கல் கோட்டைக்குப் போனது. 1882-இல் பிரிட்டிஷ் கடற்படை குண்டு போட்டதில் அந்தக் கோட்டையும் சேதமடைந்து பின்னர் சரிசெய்யப்பட்டது.

மிச்சம் இருக்கிறதா என்று கேட்டீர்களே, இருக்கிறது. பெரும்பகுதி தண்ணீருக்குள். 1961-இல் கமால் அபு அல்-சாதாத் என்ற உள்ளூர் முக்குளிப்பவர் கோட்டைக்குப் பக்கத்தில் கடலடியில் பெரிய சிலைகளைக் கண்டு சொன்னார். 1968-இல் யுனெஸ்கோ சார்பில் கடலடித் தொல்லியலாளர் ஹானர் ஃபிராஸ்ட் வந்து ஆராய்ந்தார். அப்புறம் நீண்ட மௌனம். 1990-களின் தொடக்கத்தில் கோட்டையை அலையிலிருந்து காக்க அதே இடத்தில் கான்கிரீட் கட்டைகளைப் போடத் தொடங்கியபோதுதான் விழித்துக்கொண்டார்கள். 1994-இல் தொல்லியலாளர் ஜான் ஈவ் எம்பெரர் தலைமையில் பிரெஞ்சு-எகிப்தியக் குழு இறங்கி, ஆறு முதல் எட்டு மீட்டர் ஆழத்தில் ஆயிரக்கணக்கான கல் துண்டுகளைப் பதிவு செய்தது. 2025 ஜூலையில் 22 பெரிய கற்களைத் தூக்கினார்கள். வாசலின் நிலைக்கல், மேல்கல், வாசற்படி, தளக்கல் ஆகியவை அவற்றில் அடக்கம். சில 70, 80 டன். ஒவ்வொரு கல்லையும் ஸ்கேன் செய்து, கணினியில் ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கும் வேலை நடக்கிறது.

இங்கேயும் ஒரு எச்சரிக்கை தேவை. கடலடியில் கிடப்பதெல்லாம் பாரோஸ் இல்லை. சிங்க உடலும் மனிதத் தலையும் கொண்ட ஸ்பிங்ஸ் சிலைகளும் தூபித் துண்டுகளும் அங்கே கிடக்கின்றன. சிலவற்றில் தாலமிகளுக்கு ஆயிரம் வருடம் முந்திய மன்னர்களின் பெயர் இருக்கிறது, ஹீலியோபொலிஸ் என்ற பழைய எகிப்திய நகரத்திலிருந்து கொண்டுவந்தவை அவை. 12-ஆம் நூற்றாண்டுச் சுல்தான் சலாகுதீன் காலத்தில் நகரத்தின் ஆளுநர் ஒருவர் எதிரிக் கப்பல்கள் நெருங்காமல் இருக்க நூற்றுக்கணக்கான தூண்களை உடைத்துக் கடலோரத்தில் போட்டார் என்றும் பதிவு இருக்கிறது. எனவே தூண் துண்டைக் காட்டி 'இது கலங்கரை விளக்கம்' என்று யாராவது எழுதினால் கொஞ்சம் நிதானியுங்கள். பெரிய கருங்கல் நிலைக்கற்கள் விஷயம் வேறு. 70 டன் கல்லை வாசலுக்கு வைக்கும் கட்டடம் அந்த முனையில் வேறு எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

நம் பக்கத்துத் தொடர்பையும் மகளிடம் சொல்லுங்கள். பழைய சேர நாட்டுத் துறைமுகமான முசிறியிலிருந்து செங்கடல் வழியாகப் போன மிளகு, ஒட்டகத்தில் பாலைவனம் கடந்து, நைல் ஆற்றில் இறங்கி, அலெக்சாண்ட்ரியாவின் கிடங்குகளுக்குப் போய்ச் சேர்ந்தது. கி.பி. 2-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பாப்பிரஸ் தாள் ஒன்றில் ஹெர்மபொல்லோன் என்ற கப்பலின் முசிறிச் சரக்கும், அதற்கு விதித்த நாலில் ஒரு பங்கு வரியும் பதிவாகியிருக்கின்றன. அங்கிருந்து ரோமுக்குக் கப்பல் ஏறிய மிளகு பாரோஸைக் கடந்துதான் போயிருக்கும்.

இனி மாதிரிக்கு அளவு. 1 மீட்டருக்கு 1 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் சதுர அடுக்கு பக்கத்துக்கு 30 சென்டிமீட்டர், உயரம் 57. எண்கோணம் 27 உயரம். உருளையும் சிலையும் சேர்த்து 20 வரை விடலாம், அந்த இடம் மட்டும் ஊகம் என்று குறித்துவிடுங்கள். மொத்தம் 104 சென்டிமீட்டர் வரும். வாசலைத் தரையோடு வைக்காமல் மேலே வைத்து, அதற்கு ஏறும் சரிவுப் பாதை ஒன்று போடுங்கள். மூலைகளில் சங்கு ஊதுபவர்களை மறக்க வேண்டாம். சுவருக்கு வெளிர் நிறம் போதும், வாசல் சட்டத்துக்கு மட்டும் சிவந்த கருங்கல் நிறம் கொடுங்கள். அட்டையில் உயரத்தை '100 மீட்டருக்கு மேல்' என்று எழுதி, கீழே அல்-பலவி கயிற்றில் கல் கட்டி அளந்த விதத்தையும் இரண்டு வரியில் சொல்லுங்கள். 134 ஏன் இல்லை என்று யாராவது கேட்டால் அந்த இரண்டு வரியைக் காட்டலாம்.